இன்னும் வெளியில் வராத சாமான்

அந்தத் தட்டுகளை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தவர் ஒரு கன்னியாஸ்திரி. தொண்ணூற்றைந்தாம் ஆண்டின் தொடக்கம். சண்டை நின்று பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த மாதங்கள். கொழும்புக்குப் போய்த் திரும்பிய அவர், நேரே எங்கள் வகுப்பறைக்கு வந்து, கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட் தகரத்தை எடுத்து மேசையில் வைத்தார். மேலே இரண்டு அடுக்கு பிஸ்கட். அதற்குக் கீழே, செய்தித்தாளில் சுற்றிய கணனித் தட்டுகள், பிளொப்பிகள், இருபதுக்குக் கிட்ட.

"தாண்டிக்குளத்திலை ஆமிக்காரன் ஒருத்தன் தகரத்தைத் திறந்து பாத்தவன்," என்றார். "ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிப்போட்டான்."

எங்களிடம் என்றால் என்னிடமும் அக்காவிடமும். கூடப்பிறந்த அக்கா இல்லை. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், என்னோடு சேர்ந்து படிப்பித்தவர். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு வீட்டு முன்னறையில் தட்டெழுத்தும் கணனியும் படிப்பிக்கிற வகுப்பு ஒன்றை நாங்கள் இருவரும் நடத்திக்கொண்டிருந்தோம். அதன் உரிமையாளர் தொண்ணூறில் கொழும்புக்குப் போனவர். "ஒரு மாதத்திலை வாறன்" என்று சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். வரவில்லை. அக்கா கொழும்புத்துறையில் கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். நான் உடுப்பிட்டியில் ஒரு மெதடிஸ்தக் குடும்பம். கிழமை நாட்களில் நகரத்தில் சித்தி வீட்டில் தங்கி, சனிக்கிழமை மத்தியானம் சைக்கிளில் ஊருக்குப் போவேன்.

"உங்கடை தம்பி ரொறன்ரோவிலையிருந்து ஆரோ ஒருத்தரிட்டைக் கொழும்புக்குக் குடுத்துவிட்டவராம்," என்றார் கன்னியாஸ்திரி அக்காவிடம். "அவர் என்னட்டைத் தந்தவர். இது இன்னும் வெளியிலை வராத சாமானாம். தம்பி வேலை செய்யிற இடத்துச் சாமானாம். அக்காவைப் போட்டுப் பாத்து எப்பிடியெண்டு சொல்லட்டாம்."

"வேறை ஒண்டும் சொல்லேல்லையோ, சிஸ்ரர்?" என்று அக்கா கேட்டார்.

"எனக்குச் சொன்னது இவ்வளவுதான். அதையும் வழி முழுக்கச் சொல்லிச் சொல்லிக்கொண்டு வந்தபடியால்தான் ஞாபகம் இருக்கு."

கடிதம் ஏதும் இல்லை. சோதனையில் கடிதம் அகப்பட்டால் கேள்விகள் கூடும் என்று அப்போது பலர் செய்தியை வாயாலேயே அனுப்பினார்கள். ஆனால் தட்டுகளின் மேல் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்ததை வாசித்ததும் எங்களுக்கு விஷயம் விளங்கியது. விளங்கியது என்று நினைத்துக்கொண்டோம். அது ஒரு புதிய ஒப்பரேட்டிங் சிஸ்டத்தின் வெளியீட்டுக்கு முந்தைய பதிப்பு. கணனியை எழுப்பி, மற்ற வேலைகளுக்கெல்லாம் அதைத் தயாராக்குகிற அடிப்படை மென்பொருளைத்தான் அப்படிச் சொல்வது. எங்களிடம் இருந்தது கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும் கண்சிமிட்டுகிற ஒரு கோடுமான பழையது. புதியதை உலகத்துக்குக் கொடுக்குமுன் அதிலுள்ள பிழைகளைப் பிடிக்கச் சிலருக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள் என்று ஏதோ ஒரு சஞ்சிகையில் நான் வாசித்திருந்தேன்.

"அப்ப என்ரை தம்பிக்குப் பிழை பிடிக்கிற வேலை," என்றார் அக்கா. அவர் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அந்தத் தம்பி எண்பத்து நாலில், பள்ளிக்கூடம் முடித்த கையோடு வெளியே போனவர். பதினொரு வருடமாக அக்கா அவரைக் காணவில்லை. ஒரு கொம்பியூட்டர் கொம்பனியில் வேலை என்று எழுதியிருந்தாராம். அதற்கு மேல் ஒன்றும் எழுதுவதில்லை. இப்போது அந்த வேலையே ஒரு பிஸ்கட் தகரத்தில் வந்திருக்கிறது.

எங்களிடம் இருந்த மூன்று கணனிகளில் ஒன்றுதான் கொஞ்சம் வலுவுள்ளது. மின்சாரம் நின்று ஐந்து வருடமாகியிருந்தது. பின்வளவில் ஒரு சின்ன ஜெனரேற்றர் வைத்திருந்தோம். நாலு சொட்டுப் பெற்றோல் விட்டுக் கயிற்றை இழுத்து எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். பத்தரைக்கு எழுப்பினால் பன்னிரண்டு வரை ஓட்டுவோம். மாணவர்கள் காலையிலிருந்து தாளில் எழுதி வைத்திருந்ததை அந்த நேரத்துக்குள் மாறி மாறி அடித்துப் பார்ப்பார்கள். புதியதை ஏற்றுவதற்காக அந்த நேரத்தில் பாதியை அக்கா எடுத்துக்கொண்டார்.

ஒவ்வொரு காலையும் அந்தக் கணனியை எழுப்புவதே ஒரு சடங்கு. அதன் உள்ளே ஒரு சின்ன பற்றறி உண்டு. கணனி நிற்கும்போதும் திகதியையும் நேரத்தையும் வன்தட்டின் விபரத்தையும் ஞாபகம் வைத்திருப்பது அந்தப் பற்றறிதான். அது செத்துப்போய் வெகுகாலம். யாழ்ப்பாணத்துக்குள் ரோச் பற்றறி வருவதற்கே தடை இருந்த காலத்தில் கணனிப் பற்றறிக்கு எங்கே போவது? ஆகவே வன்தட்டின் விபரத்தை அக்கா தினமும் மனப்பாடமாக அடித்துக் கொடுப்பார். திகதியையும் நேரத்தையும் யாரும் சட்டை செய்வதில்லை. கணனி ஒவ்வொரு நாளும் ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பதாம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி, நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குத்தான் கண்விழிக்கும்.

ஏற்றுவதற்கே ஒரு கிழமைக்கு மேல் பிடித்தது. பாதித் தட்டு போனதும் ஜெனரேற்றர் இருமும், திரை சுருங்கும், எல்லாம் நின்றுவிடும். மறுநாள் முதலாம் தட்டிலிருந்து தொடங்கவேண்டும். ஒரு தட்டை வாசிக்கவே முடியவில்லை. வெயில் ஏறினால் அது மக்கர் பண்ணும் என்று அக்கா கண்டுபிடித்து, ஈரத்துணி சுற்றிய செம்புக்குப் பக்கத்தில் அதை வைத்தெடுத்துப் போட்டார். வாசித்தது. ஏன் வாசித்தது என்று எனக்கு இன்றும் தெரியாது.

கடைசியில் ஒரு நாள் திரை முழுவதும் நிறமாக வந்தது. கறுப்பு இல்லை, கண்சிமிட்டுகிற கோடு இல்லை, எங்கே எதை அடிப்பதென்று ஒன்றும் தெரியவில்லை. கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. அதன் இடது மூலையில் 'தொடங்கு' என்று ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பொத்தான். ஒரு அம்புக்குறி பட்டை நெடுக ஊர்ந்து வந்து அந்தப் பொத்தானில் முட்டி நின்றது. இங்கே அழுத்துங்கள் என்று அதன் வாலில் எழுதியிருந்தது.

"எதாலை அழுத்திறது?" என்றார் அக்கா.

மவுஸ் எங்களிடம் இல்லை. அதுவரை தேவைப்பட்டதுமில்லை. மாணவி ஒருத்தி, சண்டிலிப்பாயில் தன் உறவினர் வீட்டில் ஒரு கணனி மூடிக் கிடக்கிறதென்றாள். அந்தச் சனிக்கிழமை நான் உடுப்பிட்டிக்குப் போகாமல் சண்டிலிப்பாய்க்கு மிதித்தேன். புகையிலைத் தோட்டம் செய்கிற மனிதர். மகன் லண்டனுக்குப் போய்விட்டான். நான் கேட்டதை விளங்கிக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவருடைய மனைவி அலுமாரிக்குள்ளிருந்து ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்தார். பூச்சி உருண்டைகளுக்கு நடுவில் மவுஸ் பத்திரமாக இருந்தது.

"உதையோ தேடி இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" என்றார் அந்த மனிதர். "மகன் வரேக்கை திருப்பித் தாங்கோ, பிள்ளை."

அதை மாட்டிய பிறகுதான் எங்களுக்கு உண்மையான குழப்பம் பிடித்தது. எது பிழை, எது அப்படித்தான் என்று தெரியாத குழப்பம். கணனியை நிறுத்துவதற்குத் 'தொடங்கு' என்ற பொத்தானை அழுத்தவேண்டியிருந்தது. இதை அக்கா முதலாவது பிழையாகத் தாளில் குறித்தார். ஒரு கோப்பை அழித்தால் அது அழியாமல் ஒரு குப்பைக்கூடைப் படத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. இரண்டாவது பிழை. திடீரென்று திரை முழுவதும் நீலமாகி, இலக்கங்கள் வந்து, எல்லாம் உறைந்துபோகும். இது பிழைதான், ஆனால் யாருடைய பிழை? எங்கள் கணனியின் நினைவகம் போதாமலா, ஜெனரேற்றரின் மின்சாரம் ஆடியதாலா, நான் ஏதோ படத்தை இரண்டு தரம் அழுத்தியதாலா, அல்லது அந்தச் சாமானே இன்னும் செய்து முடியாததாலா?

"எல்லாத்தையும் எழுதும்," என்றார் அக்கா. "தம்பி பாத்துத் தேவையானதை எடுப்பான்."

மாணவர்கள் கேள்வி கேட்டால் முன்பெல்லாம் பதில் சொல்லத் தெரிந்திருந்தது. இப்போது, "இது இப்பிடித்தானோ, மிஸ்?" என்று கேட்டால், "இப்போதைக்கு இப்பிடித்தான்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

தம்பியின் சாமானைப் பற்றி அக்கா வீட்டில் சொல்லியிருந்தார். ஒரு நாள் காலை அவருடைய தகப்பனார், தாயாரைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். அவர் வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சேட்டு. தாயார் கோயிலுக்கு உடுக்கிற சேலை. கடலில் தடை இருந்ததால் அந்த வருடங்களில் தகப்பனார் வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துவிட்டு, ஆழமில்லாத கடலில் தடி நட்டு வலை கட்டுகிற களங்கண்டியால் கரையோரத்து மீனைப் பிடித்துக்கொண்டிருந்தார். இருவரையும் கணனிக்கு முன்னால் கதிரை போட்டு இருத்தினோம். நான் போய் ஜெனரேற்றரை எழுப்பினேன். அக்கா வன்தட்டின் விபரத்தை அடித்தார். திரை நிறமாக மலர்ந்தது.

தகப்பனார் நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"பிள்ளை, இதிலை எங்கடை பொடியன் செய்த துண்டு எது?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். தம்பி பிழை பிடிக்கிறவர், செய்கிறவர் இல்லை என்று விளக்கத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று அக்கா யோசித்திருக்க வேண்டும். அவர் விரல் மெல்ல எழுந்து திரையின் வலது கீழ் மூலையைக் காட்டியது.

"உந்த மணிக்கூடு. அதுதான் தம்பி செய்தது."

தாயார் குனிந்து அதைத் தொட்டார். தகப்பனார் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடியும் கையைப் பார்த்தார்.

"இது பிழை," என்றார். குரலில் உண்மையான ஏமாற்றம். "இப்ப பத்தே முக்கால். உது பன்னிரண்டு பதினைஞ்செண்டு காட்டுது."

பற்றறிக் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தாயார், "பக்கத்திலை என்ன எழுதிக் கிடக்கு?" என்று கேட்டார்.

"ஏ. எம்." என்றார் அக்கா. "எண்டா நடுச்சாமம் கழிஞ்சது."

"பிறகென்ன பிழை?" தாயார் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "அவன் தன்ரை ஊர் நேரத்தை வைச்சுச் செய்திருக்கிறான். எங்களுக்கு விடிஞ்சா அங்கை சாமமெண்டு எழுதினவன்தானே. இப்ப பிள்ளை நித்திரையாயிருக்கும்." கடைசி வார்த்தையை அவர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

தகப்பனார் யோசித்துவிட்டு, "அப்பிடியெண்டா சரிதான்," என்றார்.

அவர்கள் போனதும் நான், "நாளைக்கு நேரத்தைச் சரியா வைச்சுவிடட்டோ, அக்கா?" என்று கேட்டேன்.

"தொடாதையும்," என்றார் அவர்.

அதன் பிறகு தாயார் தனியாகவும் வரத்தொடங்கினார். சந்தைக்கு வந்தால் எட்டிப் பார்ப்பார். மாணவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒரு ஓரமாக நின்று மூலையிலுள்ள நேரத்தை மட்டும் வாசித்துக் கேட்டுவிட்டுப் போவார். ஒரு நாள் எங்களுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காமல் ஜெனரேற்றர் ஓடவில்லை. கறுத்துக் கிடந்த திரையின் முன்னால் நின்று, "இண்டைக்கு அவனுக்கு லீவாக்கும்," என்றார். பகிடியாகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

பங்குனியில் அக்காவும் நானும் வவுனியாவுக்குப் போனோம். கிளாலியில் படகேறி, பிறகு பஸ், பிறகு நடை, பிறகு சோதனைச் சாவடி. தட்டெழுத்து நாடா வாங்கவேண்டும் என்பது சொல்லிக்கொண்ட காரணம். தம்பிக்குத் தொலைபேசி எடுத்துப் பிழைகளை ஒப்புவிக்கவேண்டும் என்பதுதான் அக்காவின் எண்ணம். யாழ்ப்பாணத்தில் தொலைபேசி கிடையாது.

வவுனியாவில் வெளிநாட்டுக்குப் பேசுகிற கடை ஒன்றில் வரிசையில் இருந்தோம். சுவரில் நாலு மணிக்கூடுகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு நகரத்தின் பெயர். எங்கள் முறை வரும்வரை வேறு வேலை இல்லாமல் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். இலங்கை மணிக்கூட்டில் மாலை ஐந்தரை. ரொறன்ரோவில் ஏழு. அவர்களுக்குக் காலை ஏழு. விரல்விட்டு எண்ணினேன். பத்தரை மணித்தியால வித்தியாசம். அதாவது எங்களுக்குக் காலை பத்தரை என்றால் அங்கே சரியாக நள்ளிரவு பன்னிரண்டு.

நான் திரும்பவும் எண்ணினேன். நாங்கள் ஜெனரேற்றரை எழுப்புவது பத்தரைக்கு. கணனி கண்விழிப்பது நள்ளிரவில். தாயார் சொன்னது நிமிடம் பிசகாமல் சரி. செத்த பற்றறி ஒன்று ரொறன்ரோ நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இதை அக்காவுக்குச் சொல்லத் திரும்பினேன். அவருடைய பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கூண்டுக்குள் இருவரும் நெருக்கியடித்து நின்றோம். றிசீவரை அக்கா காதிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடித்ததால் எனக்கும் கேட்டது. நலம் விசாரித்து, அழுது முடிந்ததும் அக்கா தாளை விரித்தார்.

"தம்பி, கனக்கப் பிழை கண்டுபிடிச்சிருக்கிறம். நான் வாசிக்கிறன், நீ எழுது."

"என்ன பிழை, அக்கா?"

"நீ சொன்ன பிழைதான். உன்ரை சிஸ்டத்திலை."

"என்ரையோ?" என்றார் தம்பி. "அக்கா, நான் அங்கை பெட்டி அடுக்கிறனான். தட்டுகளைப் பெட்டியிலை போட்டு ஒட்டி லொறியிலை ஏத்திறது. உது கூட வேலை செய்யிற ஒருத்தன் தந்தவன். எல்லாரும் உதைப் பற்றியே கதைக்கினம், எனக்கெண்டா ஒண்டும் விளங்கேல்லை. நீங்கள் கொம்பியூட்டர் படிப்பிக்கிறனீங்கள்தானே, போட்டுப் பாத்து என்னெண்டு எனக்குச் சொல்லுவியள் எண்டுதான் அனுப்பினனான்."

அக்கா கையிலிருந்த தாளைப் பார்த்தபடி நின்றார். அடுத்த ஆட்கள் வெளியே காத்து நின்றார்கள். அக்கா தாளை மடித்தார்.

"சரி, கேள்," என்றார். வகுப்பில் பேசுகிற குரல் அது. "முதல்லை உனக்கு ஒரு திரை வரும். அதை ஒரு மேசையெண்டு நினை. கீழை இடது பக்கத்திலை ஒரு பொத்தான் கிடக்கும். எல்லாம் அதுக்குள்ளைதான். நிப்பாட்டிறதெண்டாலும் அதைத்தான் அமத்தவேணும். ஏனெண்டு என்னைக் கேளாதை."

"நிப்பாட்டவும் அதுவோ?"

"ஓம். எழுதிக்கொள்."

கடைக்காரர் கதவைத் தட்டும்வரை அக்கா படிப்பித்தார். குப்பைக்கூடை பற்றி, கோப்புகள் பற்றி, நீலத் திரை வந்தால் பயப்படாமல் திரும்ப எழுப்புவது பற்றி. தம்பி "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஒரு தரம், "உது கொஞ்ச மாதத்திலை தானா நிண்டுபோமாம், அக்கா. உள்ளுக்கை திகதி வைச்சிருக்கிறாங்களாம்," என்றார். பிறகு லைன் அறுந்தது.

வெளியே வந்து தேநீர்க் கடையில் இருந்தபோது அக்கா அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. "அவன் பொய் சொல்லேல்லை," என்றார். "கொம்பனியிலை வேலையெண்டுதானே எழுதினவன். நாங்கள்தான் மிச்சத்தை எழுதினது."

ரொறன்ரோ மணிக்கூட்டின் கதையை நான் படகில்தான் சொன்னேன். அவர் நம்பவில்லை. விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். முடிய இன்னொரு தரம் எண்ணினார்.

பெற்றோருக்குச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்து, மூன்றாம் நாள் சொன்னார். நானும் கூடப் போயிருந்தேன். தகப்பனார் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே கேட்டார்.

"பெட்டி அடுக்கிறதும் வேலைதானே," என்றார். "வள்ளம் ஆரோ செய்தது, வலை ஆரோ பின்னினது. நான் பிடிச்சுக்கொண்டுவந்து போட்டனான், அவ்வளவுதான். அதுக்கு ஆரும் என்னைக் குறை சொன்னவையே?"

தாயார்தான் விடவில்லை. "மணிக்கூடு?" என்றார்.

"அதுவும் அவன் செய்ததில்லை, அம்மா. நான் சும்மா சொன்னனான். எங்கடை பற்றறி செத்தபடியால் அப்பிடிக் காட்டுது."

"நேரம் சரியோ, பிழையோ?"

அக்கா என்னைப் பார்த்தார். "நேரம் சரிதான், அம்மா," என்றேன்.

"அப்ப ஏன் பிள்ளையள் போட்டுக் குழப்புறியள்?" என்று கேட்டுவிட்டு அவர் அடுப்படிக்குள் போய்விட்டார்.

சித்திரையில் மறுபடியும் சண்டை தொடங்கியது. கிளாலியும் வவுனியாவும் எட்டாமல் போயின. வகுப்பு நடந்தது. தம்பி சொன்னதுபோல அந்தச் சிஸ்டம் ஒரு நாள் தானாக நின்றுவிடும் என்று நாங்கள் காத்திருந்தோம். அதற்குப் பயந்து பழைய கறுப்புத் திரையை இன்னொரு கணனியில் தயாராக வைத்திருந்தோம். வைகாசி போனது, ஆனி போனது, அது நிற்கவில்லை. திகதியைத் தேடுகிற ஒரு பொருளுக்கு எங்கள் கணனி தினமும் எண்பதாம் ஆண்டு முதலாம் நாளைக் காட்டினால் அது எப்படி நிற்கும் என்று எனக்கு உறைக்கக் கொஞ்சக் காலம் எடுத்தது. ஆனாலும் அதுதான் காரணமா என்று நிச்சயமாகத் தெரியாது. யாரைக் கேட்பது?

ஆவணியில் ஒரு மாலை சித்தி வீட்டில் வானொலிச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தோம். சித்தியின் மகன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் போய் றேடியோவைப் பேசவைத்தது. உலகச் செய்தியின் கடைசியில், ஒரு புதிய கணனிச் சிஸ்டம் அன்று விற்பனைக்கு வந்திருப்பதாகவும், அதை வாங்கக் கடைகளுக்கு முன்னால் சனம் வரிசையில் நின்றதாகவும் சொன்னார்கள். எங்கள் தட்டுகளில் அச்சடித்திருந்த அதே பெயர். "இன்னும் கெதியாச் சுத்து!" என்று கத்தினேன். அவன் சுற்றினான். செய்தி முடிந்து காலநிலைக்குப் போய்விட்டது.

மறுநாள் அக்காவிடம் சொன்னேன். அவர் மவுஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கடை பிழையெல்லாம் திருத்தினவங்களோ தெரியாது," என்றார்.

"எங்கடை பிழையை ஆருக்கும் நாங்கள் சொல்லேல்லையே, அக்கா."

"அதுவும் சரி." கொஞ்சம் யோசித்தார். "இஞ்சை பாரும், அது வெளியிலை வந்திட்டுதெண்டா, எங்களிட்டைக் கிடக்கிறது இப்ப பழசோ? இல்லாட்டி இன்னும் வராததோ?"

மாணவர்கள் வந்து கதிரைகளில் இருந்துவிட்டார்கள். நான் ஜெனரேற்றரை எழுப்பப் போனேன்.

ஐப்பசி கடைசியில், ஆமி நெருங்கி வர, நகரம் முழுவதும் வெளியேறியது. மழைக்குள் நாங்கள் எடுத்துக்கொண்டு போனவற்றில் கணனி இல்லை. அக்காவும் பெற்றோரும் கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்துவிட்டு, அடுத்த வருடம் கொழும்புத்துறைக்குத் திரும்பினார்கள். நான் திரும்பிப் போய்ப் பார்த்தபோது வகுப்பறையில் கதிரைகளும் இல்லை, கணனிகளும் இல்லை. சண்டிலிப்பாய் மனிதரிடம் மவுஸைப் பற்றிச் சொல்லப் போனேன். அவர் அதை மறந்தே போயிருந்தார்.

தம்பி இரவு வகுப்புக்குப் போய்ப் படித்துப் பெட்டி அடுக்குகிற வேலையை விட்டார். பல வருடங்களின் பின் அக்காவையும் தன்னிடம் கூப்பிட்டுக்கொண்டார். நாங்கள் இப்போதும் தொலைபேசியில் கதைப்போம். அந்தத் திரையின் நிறத்தைப் பற்றி எங்களுக்குள் ஒரு வழக்குத் தீராமல் கிடக்கிறது. அது பச்சை கலந்த நீலம் என்கிறார் அக்கா. வெறும் சாம்பல் நிறம் என்பது என் ஞாபகம். போன தடவை தம்பி இடையில் புகுந்து, இரண்டும் இல்லை, அது நல்ல கடும் நீலம் என்றார்.

"நீங்கள் எங்கடை திரையைக் கண்ணாலையும் காணேல்லையே," என்றேன்.

"அக்கா சொல்லித்தந்தவதானே," என்றார் அவர்.